வெட்டவும் ஓதவும்

பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு நேர் ரோட்டில் போனால் முக்கால் மணி நேரம். ஏழாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை மணி நேரம், அதுவும் டிரைவருக்கு மனம் இருந்தால். சித்தளி, பேரளி, ஓதியம், குன்னம் என்று மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவே சுற்றிக்கொண்டு, கை காட்டிய இடத்திலெல்லாம் நின்று, வெங்காய மூட்டைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் இடம் ஒதுக்கிவிட்டு மீதி இருந்தால் மனிதர்களுக்கும் கொடுக்கும் தனியார் பஸ் அது. அதில் பத்தொன்பது வருடம் கண்டக்டராக இருந்தவர் செல்லதுரை. சொந்த ஊர் சித்தளி. அந்த வழித்தடத்தில் அவர் முகம் தெரியாதவர்கள் இருக்கலாம், குரல் தெரியாதவர்கள் கிடையாது.

ஆள் ஒல்லி. அந்த உடம்பில் அத்தனை பெரிய குரல் எப்படி வந்து உட்கார்ந்தது என்று தெரியாது. நிறுத்தத்துக்கு அரை கிலோமீட்டர் முன்பே "ஓதியம், ஓதியம்லாம் முன்னால வா" என்று ஆரம்பித்தால், நன்றாகத் தூங்கிக்கொண்டிருப்பவர்கூட எழுந்து, தான் இறங்கவேண்டிய ஊர் அதுவல்ல என்று தெரிந்தும் பையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்வார். இடது கையில் டிக்கெட் கட்டு இருக்கும். வலது கை கிழித்துக்கொண்டே இருக்கும், வாய் அடுத்த ஊரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். வாயில் விசில் இருந்தால் கூப்பிட முடியாது என்று விசிலே வைத்துக்கொள்ள மாட்டார். பஸ்ஸின் தகரத்தில் தட்டுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். இரண்டு தட்டு என்றால் போகலாம். டிரைவர்கள் எத்தனையோ பேர் மாறினார்கள், தட்டு மாறவில்லை.

இப்படிப்பட்ட மனிதர் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் வாளும் மந்திரமும் கொண்டு பூதங்களோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார் என்று சொன்னால் சித்தளியில் யாரும் நம்ப மாட்டார்கள். அவர் மனைவி பச்சையம்மாளே முதல் ஆறு மாதம் அது சீட்டாட்டம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சண்டை நடந்த இடம் அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் அரங்கநாதனின் ஜெராக்ஸ் கடை. அரங்கநாதனுக்கு நாற்பத்தொரு வயது. மனு அடித்துக் கொடுப்பது, பத்திரிகை அச்சுக்குத் தயார் செய்வது, ஸ்பைரல் போடுவது எல்லாம் செய்வான். எழுத்தில் பிழை இருந்தால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. 'பொருள்' என்ற வரி இல்லாத மனுவைப் பார்த்தால், அது யாருடைய கண்ணீராக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவான். மாமனார் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போயிற்று என்று கல்யாணப் பத்திரிகை முழுவதையும் மறுபடி அடிக்க வைத்த மாப்பிள்ளை அவன். அவன் மனைவி சசிகலா அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

கொரோனாவுக்குக் கொஞ்சம் முன்னால் ஓர் இன்ஜினியரிங் மாணவன் இங்கிலீஷில் முந்நூற்றுச் சொச்சம் பக்கம் பிரிண்ட் போடக் கொடுத்துவிட்டுப் போனான். ஸ்பைரல் போட்டு வைத்ததுதான் மிச்சம், ஆள் திரும்பி வரவே இல்லை. ஊரடங்கில் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தபோது அரங்கநாதன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படிக்க ஆரம்பித்தான். அது ஒரு விளையாட்டின் விதி நூல். கட்டமும் கிடையாது, காயும் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாக அந்தக் கதைக்குள் நடப்பார்கள். கதவைத் திறக்கிறேன், பாலத்தைத் தாண்டுகிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகமுள்ள ஒரு பகடை சொல்லும். பகடை சொல்லாததை விதி நூல் சொல்லும். பிழை பொறுக்காத ஒரு மனிதனுக்கு இதைவிட என்ன வேண்டும்? விதிகளை ஒவ்வொன்றாகத் தமிழில் அடித்துத் தனிப் புத்தகமே போட்டுவிட்டான்.

முதலில் மெடிக்கல் கடை இலக்கியாவும் ஸ்கேன் சென்டர் பாலாஜியும் சேர்ந்தார்கள். செல்லதுரை வந்தது தற்செயல். மகளுடைய சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், மேஜைமேல் உருண்ட பகடையைப் பார்த்தார்.

"என்னாய்யா இது, தாயக்கட்டைக்கு இத்தன மொகமா?"

"இது வேறண்ணே. குந்துங்க, காட்டறேன்."

குந்தியவர் சாயங்காலம் ஆறரை மணிக்குத்தான் எழுந்தார். ஜெராக்ஸ் எடுக்க மறந்துவிட்டார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை டூட்டி போட்டால் முதலாளியிடம் சண்டைக்குப் போகிற அளவுக்கு ஆகிவிட்டது. தன் வீரனுக்கு அவர் வைத்த பெயர் ஏழாம் நம்பர். மற்றவர்கள் கொற்றி, மாறன் என்று சரித்திரத்தில் தேடிப் பெயர் வைத்திருந்தார்கள். அரங்கநாதன் முகத்தைச் சுளித்தான். பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் விதி ஏதும் இல்லாததால் விட்டுவிட்டான்.

ஏழாம் நம்பர் வாளும் வீசுவான், மந்திரமும் ஓதுவான். மந்திரத்தை ஆட்டக்காரர் சத்தமாகச் சொல்ல வேண்டும் என்பது அரங்கநாதனின் கண்டிப்பு. செல்லதுரைக்கு மந்திரம் ஒன்றும் தெரியாது. முதல் நாள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கண்ணை மூடி, "சித்தளி, பேரளி, ஓதியம், குன்னம்" என்று ஆரம்பித்தார். இலக்கியா சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப்பார்த்தாள்.

"சிரிக்காத பாப்பா. மந்திரம் ஓதறதுக்குன்னே எங்க ரூட்ல ஒரு ஊரு இருக்கு, ஓதியம்."

அன்றிலிருந்து அதுதான் மந்திரம். இரண்டு வருடம் அந்த நான்கு ஊர்களின் பெயரைக் கேட்டுப் பூதங்கள் உறைந்தன, பூட்டுகள் திறந்தன.

தகராறு ஒரே ஒரு விதியில்தான். ஒருவருடைய வாய்ப்பு வரும்போது அதற்கு 'முறை' என்று பெயர். ஆயுதமும் மந்திரமும் அறிந்தவன் தன் முறையில் இரண்டில் ஒன்றைத்தான் செய்யலாம். அதை அரங்கநாதன் இப்படி அடித்திருந்தான்: 'ஒரே முறையில் வெட்டவும் ஓதவும் முடியாது.'

"ஏன் முடியாது?" என்றார் செல்லதுரை. "நான் பஸ்ஸுல என்னா பண்றேன்? கையி டிக்கெட்டக் கிழிக்குது, வாயி ஸ்டாப்பு சொல்லுது. ரெண்டும் ஒண்ணா நடக்குதா இல்லியா?"

"அது பஸ்ஸுண்ணே. இது ரூல்ஸு."

"பஸ்ஸுலயும் ரூல்ஸு இருக்கு வாத்தியாரே." விதி பேசியே கொல்வதால் அரங்கநாதனுக்கு அவர் வைத்த பெயர் வாத்தியார். "அது போவட்டும். நீ என்னா எழுதியிருக்க? வெட்டவும் முடியாது, ஓதவும் முடியாது. அப்ப என் முறை வந்தா நான் என்னா செய்யறதாம்? எறங்கிப் போயிடவா?"

சொல்லிவிட்டு மேஜையில் ஒரு தட்டு தட்டுவார். பஸ் நிற்கிற தட்டு. எல்லாரும் சிரிப்பார்கள். எழுதியதில் அப்படியும் ஓர் அர்த்தம் வருகிறது என்பது அரங்கநாதனுக்கு உறுத்தத்தான் செய்தது. மாற்றி அடிக்க வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பான். பத்திரிகையில் ஒரு புள்ளிக்காக அத்தனை ரகளை செய்தவன், இந்த ஒரு வரியை மட்டும் மாற்றவே இல்லை. செல்லதுரை அதை வைத்துச் சிரிக்கவைப்பது பிடித்திருந்தது, அவ்வளவுதான் காரணம்.

கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரங்கநாதன் சொல்லிக்கொண்டிருந்த கதை ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குழிக்குள் போயிருந்தது. அரியலூர்க்காரன் சொல்லும் கதையில் குவாரி வராமல் இருக்குமா? குழி நிறையத் தண்ணீர். அடியில் யானையளவுக்கு ஒரு கல் நத்தை. மண்ணைத் தோண்டும்போது கல்லாகிப்போன நத்தை கிடைக்குமே சுருள் சுருளாக, அதற்கு உயிர் வந்த மாதிரி. இலக்கியாவின் வீராங்கனை கொற்றியை அது தும்பிக்கை மாதிரி நீண்ட கொம்பால் சுற்றித் தூக்கிவிட்டது. கொம்பை வெட்டினால் கொற்றி தண்ணீரில் விழுந்து முங்கிவிடுவாள். மந்திரத்தால் தண்ணீரை விலக்கினால் கொம்பு நெரித்துவிடும். செல்லதுரையின் முறை வந்தது.

"வெட்டிக்கிட்டே ஓதறேன்."

"எதாச்சும் ஒண்ணு சொல்லுங்கண்ணே."

"ரெண்டும் சேந்தாத்தான்யா புள்ள பொழைக்கும்."

"ரூல்ஸ்ல இல்லண்ணே."

செல்லதுரை அன்றைக்குச் சிரிக்கவில்லை. "ஒரு தடவ விட்டுக் குடுத்தா என்னா கொறஞ்சா போயிடுவ?" என்றார்.

"விதின்னா விதிதாண்ணே. நான் என்ன பண்ண முடியும்?"

செல்லதுரை பகடையைக் கையில் எடுத்தார். பிறகு, வெட்டுகிறேன், கொற்றியைப் பிடித்துக்கொண்டு நானும் தண்ணீரில் விழுகிறேன், அவளைக் கரைக்குத் தள்ளுகிறேன் என்றார். பகடை உருண்டது. கொற்றி பிழைத்தாள். ஏழாம் நம்பர் முங்கிப்போனான். இரண்டு வருடம் சேர்ந்து வளர்த்த வீரன். செல்லதுரை தன் வீரனின் விவரம் எழுதிய அட்டையை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "வரேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வரவில்லை. டூட்டி மாற்றிவிட்டார்களாம், பாலாஜியிடம் சொல்லியிருந்தார். அரங்கநாதன் போனை எடுத்து, 'கோபமாண்ணே, வாங்க பேசிக்கலாம்' என்று அடித்தான். 'கோபமா'வுக்கு அப்புறம் கேள்விக்குறி வேண்டுமா என்று யோசித்தான். யோசித்ததில் ரோஷம் வந்துவிட்டது. விதியை நானா எழுதினேன் என்று எல்லாவற்றையும் அழித்தான்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை, ஏழாம் நம்பர் பஸ் பேரளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தபோது செல்லதுரையின் வலது கையிலிருந்து, கிழித்த டிக்கெட் கீழே விழுந்தது. குனிந்தவர் நிமிரவில்லை. வாயைத் திறந்து ஓதியத்தைக் கூப்பிடப் பார்த்தார், குழறியது. காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டான் என்று முன்சீட்டு ஆள் ஒருவர் சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது. தட்டு வராததால் டிரைவர் அசோக்கும் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தார். குன்னம் வந்து திரும்பிப் பார்த்தபிறகுதான் விஷயம் தெரிந்தது. வலது கையும் வாயும் ஒரே நேரத்தில் போயிருந்தன. மூளையில் ரத்தக்குழாய் அடைப்பு, இன்னும் கொஞ்சம் முன்னால் வந்திருக்கலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பார்க்கப் போனவர்கள் எல்லாரும் வெளியே வந்து "என்னா பண்றது, விதி" என்று சொன்னார்கள். அரங்கநாதனால் அந்த வார்த்தையைக் கேட்க முடியவில்லை. வராந்தாவின் கடைசியில் போய் நின்று அழுதான்.

ஆட்டம் நின்றுபோயிற்று. ஒரு மதியம் கடையில் ஆள் இல்லாத நேரத்தில் அந்த மாணவனின் புத்தகத்தைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தான். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். அப்புறம் பார்க்கலாம் என்று தமிழில் போடாமல் விட்டுவைத்திருந்த பகுதி. ஆயுதத்தையும் மந்திரத்தையும் சேர்த்துப் பயின்றவன் ஆட ஆட ஏறிக்கொண்டே போகும் படிகளில் ஏழாவதை எட்டிவிட்டால், ஒரே முறையில் இரண்டையும் செய்யலாம் என்று போட்டிருந்தது. செல்லதுரையின் வீரன் அந்தக் கார்த்திகைக்கு நாலு மாதம் முன்னாலேயே ஏழாவது படிக்கு வந்திருந்தான். அரங்கநாதன் அந்தப் பக்கத்தை மூன்று தடவை படித்தான். அகராதியைப் பார்த்துப் படித்தான். சந்தேகமே இல்லை. அவர் சொன்னதுதான் விதி, தவறு இவனுடையது.

ஒரு பொம்மைச் சண்டையில் நடந்த தவறு, அதனால் யாருக்கும் பக்கவாதம் வராது. இது அவனுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அந்த மனிதர் கடைசியாகக் கேட்ட ஒன்றை, கொடுக்கவேண்டிய ஒன்றை, இல்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். அதைச் சரிசெய்யாமல் இருக்க முடியாது என்று தோன்றியது. செத்த வீரனை எழுப்பி, செல்லதுரையை மறுபடி ஆட்டத்தில் உட்காரவைத்துவிட வேண்டும். பகடை உருட்ட இடது கை போதும். அந்த நினைப்பிலேயே ஒரு வாரம் போயிற்று. கெட்டித் தாளில், பெரிய எழுத்தில், அந்த விதியை அடித்து எடுத்தான்: 'இரண்டும் பயின்றவரால் ஒரே முறையில் வெட்டவும் ஓதவும் முடியும்.'

மாசி மாதம், காலை பத்து மணிக்குச் சித்தளியில் போய் இறங்கினான். செல்லதுரை வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மடியில் கிடந்தது. இவனைப் பார்த்ததும் முகத்தில் பாதி சிரித்தது.

"ஓதியம்" என்றார்.

பச்சையம்மாள் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார்.

"குந்துங்க தம்பி. இப்ப எல்லாத்துக்கும் ஓதியந்தாங்க. தண்ணி வேணும்னாலும் ஓதியம், என்னயக் கூப்புடறதுக்கும் ஓதியம். வேற ஒரு வார்த்த வரமாட்டேங்குது. அன்னிக்குக் கூப்புடப் பாத்து வாயிலயே நின்னுப்போச்சுல்ல, அதுதான் வருதுன்னு டாக்டரம்மா சொல்றாங்க."

அரங்கநாதன் பையிலிருந்து தாளை எடுத்து அவருடைய இடது கையில் கொடுத்தான். செல்லதுரை அதை வாங்கி, நேராகப் பிடித்து, உற்றுப் பார்த்தார். கண் ஒரே இடத்தில் நின்றது.

"எழுத்தும் போயிடுச்சுங்க தம்பி" என்றார் பச்சையம்மாள் மெதுவாக. "பஸ்ஸு போர்டுகூடத் தெரியல. சொன்னா வெளங்கிக்குவாரு."

வாழ்நாள் முழுக்க எழுத்தையே நம்பியிருந்தவனுக்கு இது தோன்றவில்லை. தாளை வாங்கிக்கொண்டான். படித்துக் காட்ட வாயெடுத்தால் கண்ணீர் எழுத்தை மறைத்தது. மனப்பாடமாகத்தான் சொன்னான்.

"நீங்க சொன்னதுதாண்ணே சரி. புக்குலயே இருக்கு. நான்தான் அந்தப் பக்கத்தப் பாக்காம விட்டுட்டேன். ஏழாம் நம்பர் சாவலண்ணே. வெட்டலாம், ஓதலாம், ரெண்டும் ஒண்ணாப் பண்ணலாம். அன்னிக்கு நான் விட்டுக் குடுத்துருக்கணும். என்னைய மன்னிச்சுருங்க."

சட்டைப்பையிலிருந்து பகடையை எடுத்து அவர் எதிரே நீட்டினான்.

"இடது கையாலயே போடுங்க. இப்ப உங்க முறைண்ணே."

செல்லதுரை பகடையைப் பார்த்தார். எடுக்கவில்லை. இடது கையால், மடியில் கிடந்த வலது கையைத் தூக்கி அவனுக்குக் காட்டிவிட்டு விட்டார். அது தொப்பென்று தொடையில் விழுந்தது. பிறகு ஒரு விரலால் தன் வாயைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று கையை ஆட்டினார். வெட்டவும் முடியாது. ஓதவும் முடியாது. இவன் அடித்த பழைய வரி, அவர் சொன்ன அதே அர்த்தத்தில்.

அரங்கநாதனுக்குப் புரிந்ததும் அவருக்கும் அது தெரிந்துவிட்டது. சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சிரித்த அதே சிரிப்பு, பாதி வாயில். தோள் குலுங்கியது. புருஷன் எதற்குச் சிரிக்கிறார் என்று தெரியாமல் பச்சையம்மாளும் சிரித்தார், மூன்று மாதத்தில் முதல் தடவையாம். அரங்கநாதனும் சிரிக்கத்தான் பார்த்தான்.

சிரிப்பு அடங்கியதும் செல்லதுரை அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "ஓதியம்" என்றார், போகட்டும் விடு என்கிற குரலில். பிறகு பகடையை எடுத்து அவனுடைய சட்டைப்பையிலேயே போட்டார். நாற்காலியின் கைப்பிடியில் ஒரு தட்டு தட்டினார்.

போகலாம் என்கிற இரண்டாவது தட்டுக்காக அரங்கநாதன் காத்திருந்தான். பச்சையம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார், அதைக் குடித்தான். மகளின் காலேஜைப் பற்றி விசாரித்தான். பதினொன்றரை மணி ஆயிற்று. கை அந்தக் கைப்பிடிமேல் அப்படியே இருந்தது. மறுபடி அது தட்டவில்லை.

"வரேண்ணே" என்று எழுந்தான்.

ரோட்டுக்கு வந்ததும் ஏழாம் நம்பரே வந்தது. அரியலூருக்கு டிக்கெட் கேட்டான். புதுக் கண்டக்டருக்கு முப்பது வயது இருக்கும், சரத்குமார் என்று சட்டையில் பெயர் மாட்டியிருந்தான். பேரளி தாண்டியது. எதிர் சீட்டு அம்மாவுக்கு டிக்கெட்டைக் கிழித்துக்கொண்டே, அந்தப் பக்கம் பார்க்காமலே, "ஓதியம், ஓதியம்லாம் முன்னால வா" என்றான் கண்டக்டர். கை கிழித்தது, வாய் கூப்பிட்டது. இரண்டும் ஒன்றாகத்தான் நடந்தன. எத்தனையோ வருடம் இதே பஸ்ஸில் போயிருக்கிறான் அரங்கநாதன். ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை.

பஸ் நின்றது. செல்லதுரை இன்னமும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிற ஊர், இறங்க ஆள் இல்லை. கண்டக்டர் கிளம்பச் சொல்லி விசிலை வாயில் வைப்பதற்குள் அரங்கநாதன் எழுந்து படிக்கு வந்துவிட்டான்.

"சார், உங்களுக்கு அரியலூருங்க. இது ஓதியம்."

"தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டு அவன் இறங்கினான்.